கிடங்கின் மேல்தளமும் சங்கத்தின் கடமையும்

கூட்டுறவுச் சங்கங்களின் இலாப நட்டக் கணக்கை ஆண்டுதோறும் பார்த்து வருபவர்கள் இரண்டு தலைப்புகளைத் தவறாமல் காண்பார்கள். ஒன்று 'இருப்புச் சேதாரம்'. மற்றொன்று 'கட்டிடப் பராமரிப்பு'. முன்னதில் நனைந்த நூலும், பூசணம் பிடித்த விதையும், கட்டிதட்டிய உரமும் எழுதித் தள்ளப்படும். பின்னதில் வெள்ளையடித்தல், உட்பூச்சு, 'கெமிக்கல் ஒரு தடவை' என்பன போன்ற செலவுகள் இருக்கும். இவை வெவ்வேறு பக்கங்களில் வருவதால், இரண்டுக்கும் உள்ள உறவு மகாசபையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. மழை நாளில் கிடங்கின் கதவைத் திறந்து அண்ணாந்து பார்ப்பவருக்கோ இரண்டும் ஒரே விரிசலின் வழியே இறங்குவன என்பது உடனே விளங்கிவிடும்.

பெண்ணாடத்தைச் சூழ்ந்த வெள்ளாற்றுப் பகுதியில் கரும்பும் நெல்லும் விளைகின்றன. மேற்கே திட்டக்குடிப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும், கிழக்கே விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரியும், அதற்கும் அப்பால் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைத்தறியுமாக நம் அங்கத்தினரின் பிழைப்பு அமைந்திருக்கிறது. விளைவது எதுவாயினும், நெய்வது எதுவாயினும், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது ஒரு கூரையின் கீழ் இருந்தாக வேண்டும். கடலூர் மாவட்டத்தின் மழையைப் பற்றி இம்மாவட்டத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த தானே புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு வந்த ஃபெஞ்சல் புயலையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் புயல் ஆண்டுகளில் மட்டுமே கிடங்கு ஒழுகுகிறது என்று எண்ணுவது சரியன்று. புயல் மழை ஓரிரு நாள் பெய்து ஓய்ந்துவிடும். சராசரி ஆண்டில் விட்டுவிட்டுப் பத்து நாள் தூறும் மழையே தளத்தில் ஊறி இறங்குகிறது.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் கொள்ளலாம். 20 அடி அகலமும் 50 அடி நீளமும் உள்ள மேல்தளம் 1000 சதுர அடி. அதன்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 930 லிட்டர். 10 சென்டிமீட்டர் பெய்யும் நாளில் ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு நீர் அத்தளத்தின்மேல் கொட்டப்படுகிறது. அந்நீர் முழுவதும் மூன்றங்குலக் குழாய்கள் ஒன்றிரண்டின் வழியாக வெளியேற வேண்டும். அக்குழாயின் வாயில் புங்க இலையும் காகக் கூடும் அடைத்திருந்தால் நடப்பதைச் சொல்ல வேண்டுமா?

தானியத்தைச் சேமித்த நம் முன்னோர் தட்டையான கூரையை நம்பவில்லை. தஞ்சை மாவட்டத்துத் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளத்தக்கது எனச் சொல்லப்படும் அச்செங்கற் கட்டிடம் வட்ட வடிவினது. அதன் தலை கூம்பிக் குவிந்திருப்பதால், விழும் துளி நிற்க இடமின்றி வழிந்தோடிவிடும். பாட்னாவில் 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் காப்டன் ஜான் கார்ஸ்டின் 1786-இல் கட்டி முடித்த கோல்கர் என்னும் களஞ்சியமும் அப்படியே, தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போல இருக்கிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பெண்ணாடத்துப் பிரளயகாலேசுவரர் கோயிலின் கருவறை விமானம், தூங்கும் யானையின் முதுகுபோல வளைந்திருப்பதாலேயே தூங்கானை மாடம் எனப் பெயர் பெற்றது. அவ்வளைவின்மேல் நீர் தேங்க வழியில்லை. ஊழி வெள்ளத்தைத் தடுக்க நந்தி திரும்பி நின்றார் என்பது தலபுராணம். சங்கக் கிடங்கின் மேல்தளத்துக்காக அவர் மறுமுறை திரும்புவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நாம் இக்காலத்தில் தட்டையான கான்கிரீட் தளம் போடுகிறோம் என்றால், அதற்குக் காரணம் உண்டு. மனை விலை ஏறிவிட்டது. கீழே கிடங்கு, மேலே களம் என்று ஒரே மனையில் இரண்டு வேலை முடிகிறது. விவசாயச் சங்கங்கள் மேல்தளத்தில் மக்காச்சோளத்தையும் உளுந்தையும் காயவைக்கின்றன. நெசவாளர் சங்கங்கள் சாயமிட்ட சிட்டங்களைக் கொடிகட்டி உலர்த்துகின்றன. இதை நாம் குறைகூறவில்லை. ஆனால், ஆள் நடக்காத கூரை வேறு, நாள்தோறும் வேலை நடக்கும் கூரை வேறு என்பதை உணராமல் இரண்டுக்கும் ஒரே மருந்து தடவுவதுதான் தவறு. பலகைத் துடுப்பால் சோளத்தைத் தள்ளுகிறோம். மூட்டையைத் தரதரவென்று இழுக்கிறோம். மூங்கிற்கால் நடக் குழி பறிக்கிறோம். நான்கு மாதத்துக்கு முன் தடவிய மெல்லிய பூச்சு இவற்றையெல்லாம் எப்படித் தாங்கும்?

சாயமிட்ட நூலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நெசவாளர் சங்கத்தார் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். சாயத் தொட்டியில் சாதாரண உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. சரிவர அலசாமலும் பிழியாமலும் கொண்டு வந்து தொங்கவிட்ட சிட்டத்திலிருந்து சொட்டும் நீர் உப்பு நீர். கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சிமெண்டின் காரத்தன்மை துருவேறாமல் காத்து நிற்கிறது. உப்பு உள்ளே புகுந்தால் அக்காவல் குலைந்துவிடும். இரும்பு துருவானால் முன்னிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடங்கொள்ளும். கம்பி பருத்தால் கீழ்ப்பூச்சு பிளந்து பாளம்பாளமாக விழும். ஆகவே நெசவாளர் சங்கத்தின் மேல்தளம் மழைக்காலத்தில் மட்டுமன்றிக் கோடையிலும் நனைகிறது. அதுவும் உப்பு நீரில் நனைகிறது. நூலறைக்கு நேர் மேலே சாய நூலை உலர்த்துவதை நிறுத்துவதே முதற் பரிகாரம். வேறிடம் இல்லையென்றால், தளத்தின்மேல் சொட்டாதபடி கொடியின்கீழ்த் தகரத் தாரை அமைத்து வெளியே விடலாம். இதற்காகும் செலவு பெரிதன்று.

நூல் நனைந்தால் என்ன, காயவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சென்ற மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்டதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். சங்கத்தின் பெயர் வேண்டுவதில்லை. நூலறையின் வடமேற்கு மூலையில் கசிவு. நூல் கட்டுகள் நனைந்து கிடக்கவில்லை. தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தன. பஞ்சு காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கும் இயல்புடையது. உலர்ந்த நூல் 100 கிலோவுக்கு 8½ கிலோ ஈரம் இருப்பது வணிக வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அந்த மூலையிலிருந்த நூல் அதற்கும் மேல் குடித்திருந்தது. அதை நிறுத்து அங்கத்தினருக்குக் கொடுத்தார்கள். நெசவாளி வீட்டில் பாவு ஓட்டி, நெய்து, உலர்ந்த துணியாகக் கொண்டு வந்தார். நிறுத்தால் குறைகிறது. 5 கிலோ நூலில் நூற்றுக்கு நான்கு பங்கு அதிக ஈரம் இருந்திருந்தால் துணியில் 200 கிராம் குறையத்தானே செய்யும்? 'நூல் குறைவு' என்று பேரேட்டில் எழுதிக் கூலியில் பிடித்தார்கள். நெசவாளியோ நாணயத்துக்குப் பெயர் பெற்றவர். முப்பது ஆண்டுக்கால அங்கத்தினர். தம்மைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள் என்று அவர் சங்கப் படியேறுவதையே விட்டுவிட்டார். தராசு சரியாக இருந்தது, எழுத்தர் சரியாக எழுதினார், நெசவாளி சரியாக நெய்தார். ஒழுகிய மூலையைப் பற்றி மட்டும் எந்த ஏட்டிலும் ஒரு வரியும் இல்லை. நூலறையில் ஒரு ஈரப்பதமானியை மாட்டி, வழங்கும் நாளில் அதன் அளவையும் வழங்கல் சீட்டில் குறித்தால் இப்படிப்பட்ட வழக்குகள் எழா என்று அப்போதே எழுதிக் கொடுத்தோம். பிடித்த கூலியும் பின்னர்த் திரும்பக் கொடுக்கப்பட்டது.

விளைபொருளின் கதையும் இதுவே. நெல்லைக் கிடங்கில் வைக்க ஈரம் நூற்றுக்கு 14-க்கு மேற்படலாகாது. விதை நெல்லுக்கு 13. யூரியாவோ, 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 72, 73 விழுக்காட்டைத் தாண்டினாலே தானாக நீரை இழுக்கத் தொடங்கிவிடும். மேலிருந்து துளி விழ வேண்டும் என்பதில்லை. கசிந்த தளம் அறைக்குள் விடும் ஆவியே போதும். 1844 டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்தபோது வைத்திருந்த சரக்கு மாவும், சர்க்கரையும், வெண்ணெயும், ஓட்ஸ் மாவும், சில மெழுகுவர்த்திகளுந்தாம் என்று நாம் படித்திருக்கிறோம். வெண்ணெயையும் மெழுகுவர்த்தியையும் தவிர ஏனையவை ஈரத்துக்கு அஞ்சும் பண்டங்கள். கூட்டுறவு இயக்கம் பிறந்த நாளிலேயே கிடங்கைப் பற்றிய கவலையும் கூடவே பிறந்திருக்க வேண்டும்.

இனி, பரிகாரம் என்ற பெயரில் நடப்பதைப் பார்ப்போம். கசிவு கண்டவுடன் சங்கங்கள் செய்யும் முதற் காரியம், கீழிருந்து பூசுவது. உட்கூரையில் கறை தெரிகிறது. அந்த இடத்தைக் கொத்திச் சிமெண்ட் பூசி, அதன்மேல் வெள்ளை மருந்து அடித்துவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருபவர் கண்ணுக்குக் கூரை பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நீர் வருவது மேலிருந்து. கீழ் வாயை அடைத்தால் அது தளத்துக்குள்ளேயே தேங்கிக் கம்பியைத் தின்னும். பிறகு நான்கடி தள்ளி வேறொரு வாய் திறக்கும். இது நோயை மறைக்கும் வேலை. இச்செலவுக்கான வவுச்சரை எங்கே கண்டாலும் 'மேலே என்ன செய்யப்பட்டது?' என்று அங்கத்தினர் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரியம், தகரக் கொட்டகை. ஒழுகும் தளத்துக்கு மேலே இரும்புக் கால் நட்டுத் தகரம் வேய்ந்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார்கள். இதை முற்றிலும் தள்ளிவிட மாட்டோம். தளம் மிகப் பழுதாகி, வேறு வழியின்றி, இரண்டு மூன்று ஆண்டு ஓட்ட வேண்டிய நிலையில் இது உதவும். கீழறையின் வெப்பமும் தணியும். ஆனால் வெயிலே வேண்டிய காயவைக்கும் களம் போய்விடும். கால் நடுவதற்காகத் தளத்தில் துளையிட்ட இடங்கள் புதிய கசிவுக்கு வழியாகும். தானே அடித்த காலையில் எத்தனை கொட்டகைத் தகரங்கள் அடுத்த தெருவில் கிடந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பழைய தளத்தின்மேல் புதுத்தளம். இது அபாயகரமானது. சுண்ணாம்புத் தளம் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1¾ டன் முதல் 2 டன் வரை கனக்கும். 1000 சதுர அடியில் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால் 16 டன்னுக்கும் மேல். பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே மீண்டும் அவ்வளவு பாரத்தை ஏற்றுவதற்கு முன் பொறியாளர் ஒருவரின் எழுத்து மூலமான கருத்தைப் பெறாத நிர்வாகம் கீழே மூட்டை தூக்கும் தொழிலாளியின் தலையோடு விளையாடுகிறது என்றே சொல்வோம். கம்பி வெளியே தெரிந்து செதில் செதிலாக உதிர்கின்ற தளத்துக்கு எந்த நீர்த்தடுப்பும் பயன்படாது. அங்கே முதலில் சரக்கை அப்புறப்படுத்திக் கதவைப் பூட்டிவிட்டுப் பிறகுதான் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. நம் மேஸ்திரிகள் 'வாட்டம்' என்று சொல்லும் சரிவே தலையானது. 20 அடி அகலத்துக்கு நான்கு அங்குலம் தாழ்வு, அதாவது 60-க்கு 1, இருந்தால் நீர் நிற்காது ஓடும். பணம் போதாதென்று சரிவைக் குறைத்து மருந்தைக் கூட்டும் சங்கங்களை நாம் பார்க்கிறோம்.  அடுத்தது, நீர் போகும் வாய். ஒரு வாய் அடைபட்டாலும் மறுவாய் காக்கும்படி குறைந்தது இரண்டு வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் கூடும் மூலையைச் செங்கோணமாக விடாமல், சாந்தால் குழைவாக வளைத்து மூட வேண்டும். பெரும்பாலான கசிவு நடுத்தளத்தில் தோன்றுவதில்லை. இந்த மூலையிலும், குழாய் துளைத்துப் போகும் இடத்திலும், தண்ணீர்த் தொட்டியின் காலடியிலும், சுவரில் முளைத்த அரசங்கன்றின் வேரடியிலுமே தோன்றுகிறது. அரசங்கன்றை மேலே ஒடித்துவிட்டுப் போவதால் பயனில்லை. வேரைச் சாகடிக்க வேண்டும். கொடிக்கம்பத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம். நல்ல அடைமழைக் காலம். ஏழு வண்ணக் கொடியை ஏற்றுவதற்காகத் தளத்தைத் துளைத்துக் கம்பம் நட்டுவிட்டு, அந்தத் துளையின் வழியே அந்த வாரத்திலேயே நீர் இறங்குவதைக் காணும் சங்கங்கள் உண்டு. கம்பத்தைத் தரையில் நட்டால் கொடியின் பெருமை குறைந்துவிடாது.

சரிவின்மேல் இடுவது எது என்பதில் நமக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் சேர்ந்த தளம், அதன்மேல் தட்டோடு. நம் நாட்டு வெயிலுக்கும் வேலை நடக்கும் களத்துக்கும் இதுவே ஏற்றது. பொதுப்பணித் துறையின் நெடுநாள் வழக்கம் மணல் சேர்க்காமல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு. இந்திய தர நிர்ணயத்தின் 3036-ஆம் எண் நெறிமுறை இவ்வேலைக்கென்றே உள்ளது. இதைப் பழமைப் பற்று என்று எண்ண வேண்டாம். வெறுங் கான்கிரீட் தளம் சித்திரை வெயிலில் காய்ந்து கோடை மழையில் குளிர்கிறது. 50 அடி நீளத் தளம் 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 4½ மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். இப்படி ஆண்டு முழுதும் அசையும் பொருள் எங்கேனும் ஓரிடத்தில் வெடித்தே தீரும். சுண்ணாம்புத் தளம் அதற்குக் குடைபோல நின்று வெப்பத்தைத் தடுக்கிறது. மேலும் சுண்ணாம்பில் உண்டாகும் மயிரிழை விரிசல்களில் நீர் இறங்கும்போது, கரைந்த சுண்ணாம்பே மீண்டும் படிந்து அவற்றை ஓரளவு மூடிவிடும். சிமெண்டுக்கு அந்த நெகிழ்ச்சி குறைவு.

ஆனால் சுண்ணாம்பு அவசரக்காரனுக்கு உதவாது. நீற்ற வேண்டும், கலந்து புரட்ட வேண்டும், பரப்பியபின் கட்டையால் நாட்கணக்கில் அடிக்க வேண்டும். அடிக்கும் கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும் வரை அடிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்நாளில் கடுக்காய் நீரும் வெல்லநீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து பாட்டுடன் அடித்தார்கள். இன்று இயந்திரத்தில் ஜல்லி உடைத்து, ஒரே நாளில் பரப்பி, மறுநாளே ஓடு பதித்துவிட்டுப் போகிறார்கள். அதைச் சுண்ணாம்புத் தளம் என்று விலைப்பட்டியலில் எழுதலாமே தவிர, நீர் அதை ஒப்புக்கொள்ளாது. தை அறுவடை முடிந்ததும் தொடங்கினால்தான் பங்குனிக்குள் அடித்து இறுக்கி ஈரம் காத்து முடிக்க முடியும். ஆடியில் தீர்மானம் போட்டு ஐப்பசியில் தொடங்கும் வேலை எதுவும் உருப்படியாகாது.

நம் வட்டாரத்தில் பீங்கான் சில்லு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊராதலால் உடைசல் மலிவாகக் கிடைக்குமே, அதைப் பதித்தால் என்ன என்பது கேள்வி. மெருகிட்ட பீங்கான் நீரை ஏறக்குறைய குடிப்பதேயில்லை; வெண்ணிறச் சில்லு வெயிலையும் திருப்பிவிடும். ஆள் நடமாட்டம் குறைந்த கிடங்குத் தளத்துக்கு அது மெத்தவும் நன்று. எனினும் சில்லுக்கும் சில்லுக்கும் இடையே உள்ள சந்துகள் எண்ணற்றவை. நீர் சில்லின் வழியே இறங்காது, சந்தின் வழியே இறங்கும். ஆகவே கீழ்த்தளமும் வாட்டமும் சரியாயிருந்தால்தான் சில்லுக்குப் பயன் உண்டு. நனைந்த பீங்கான் வழுக்கும் என்பதையும் மறக்கலாகாது. தலையில் கூடையுடன் பெண்கள் ஏறி இறங்கும் களத்துக்குச் சொரசொரப்பான தட்டோடே தக்கது.

புதிய திரவ மருந்துகளையும் தார் அட்டைகளையும் நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. குழாய் மூலை, கைப்பிடிச் சுவர் மூலை, பழைய விரிசல் ஆகிய இடங்களில் அவை நன்கு உதவுகின்றன. சுண்ணாம்புத் தளத்தின்கீழ் ஒரு படலமாக இட்டு மேலே ஓடு பதித்தால் வெயிலும் துடுப்பும் படாமல் நெடுநாள் இருக்கும். திறந்த வெளியில் தனியே விட்டால் தார் இளகும், வெடிக்கும். பத்தாண்டு உத்தரவாதம் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைக் காட்டும் வியாபாரியிடம், அந்த உத்தரவாதம் தளத்துக்கா டப்பாவுக்கா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பதே பெரும்பாலான சங்கங்களின் பதில். கிடங்கு அரசாங்க மானியத்தில் கட்டியது, ஆகையால் அரசாங்கமே பழுது பார்க்கட்டும் என்று மகாசபையில் கைதட்டலுக்கிடையே பேசுபவர்களும் உண்டு. கட்டிக் கொடுத்தது எவராயினும், ஐந்தொகையில் அது சங்கத்தின் சொத்தாக நிற்கிறது. உள்ளே கிடப்பது அங்கத்தினரின் நெல், அங்கத்தினரின் நூல். 2023 மே 31-ஆம் நாள் மத்திய அமைச்சரவை கூட்டுறவுத் துறையில் பெருந்தானியக் கிடங்குத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. புதிய கிடங்குகள் வரட்டும், மிக நன்று. ஆனால் இருக்கும் கிடங்கின் தளத்தைக் காக்கத் தெரியாத சங்கம் புதிய கிடங்கையும் பத்தாண்டில் இதே நிலைக்குக் கொண்டு வந்துவிடும். தேய்மானம் என்று ஆண்டுதோறும் ஒரு தொகை கணக்கில் எழுதப்படுகிறது. அத்தொகை எங்கோ பணமாக இருக்கிறது என்று அங்கத்தினர் பலர் எண்ணுகிறார்கள். தனியே வங்கியில் போட்டாலன்றி அது வெறும் எழுத்தே. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் இலாபப் பிரிவினையின்போது கட்டிட நிதிக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, அதை மத்திய கூட்டுறவு வங்கியில் தனி வைப்பாக வைக்குமாறு மகாசபை வற்புறுத்த வேண்டும். பங்காதாயம் அரை விழுக்காடு குறையும் என்று முணுமுணுப்பவர்கள், தங்கள் விதை நெல் முளைக்காத ஆண்டில் இழந்ததைக் கூட்டிப் பார்க்கட்டும்.

ஒப்பந்தப்புள்ளி விஷயத்திலும் ஒரு வார்த்தை. குறைந்த தொகைக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் எதற்குக் குறைந்த தொகை என்பதை விவரிக்க வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. 'மேல்தளம் ஒழுகாதபடி செய்தல்' என்று ஒரே வரியில் புள்ளி கோரினால், ஒரு வாளி மருந்தைக் கரைத்து அடிப்பவரே குறைந்த தொகைக்காரராக வருவார். பழைய தளத்தைப் பெயர்த்தல், வாட்டத்தின் அளவு, ஜல்லி சுண்ணாம்பு விகிதம், அடிக்கும் நாட்கள், மூலை வளைவு ஆகிய ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும். முடிந்தபின், தளத்தின் உறுதியைப் பொறியாளர் ஒப்புக்கொண்ட இடங்களில், குழாய் வாய்களை அடைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேக்கி இரண்டு முழு நாள் விட வேண்டும். நீர் மட்டத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்து, கீழே ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பிடித்து வைக்கலாம். ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தால் எவரும் ஆட்சேபிக்க முடியாது.

எங்கள் துறையைச் சேர்ந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. இருப்புச் சரிபார்ப்பு ஆண்டு முடிவில், மார்ச்சுக் கடைசியில் நடக்கிறது. அப்போது எந்தக் கூரையும் ஒழுகுவதில்லை. இருப்பு எண்ணிக்கை மார்ச்சிலேயே நடக்கட்டும். கட்டிடத்தை மட்டும் கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பார்க்கும் வழக்கம் வந்தால், பராமரிப்புச் செலவுப் பட்டியலைப் படிப்பதைவிடத் தெளிவு கிடைக்கும்.

தளம் சீராகும் வரை காத்திருக்கும் சங்கங்கள் இந்த மழைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. அட்டியை மரச்சட்டத்தின்மேல் ஏற்றி, சுவரிலிருந்து இரண்டடி விலக்கிப் போடலாம். கறை தெரியும் இடத்தின்கீழ் எதையும் அடுக்காமல் காலியாக விடலாம். பிளாஸ்டிக் தாளால் மூட்டைகளை முழுதும் போர்த்திவிட்டால் உள்ளீரம் வெளியேற வழியின்றிப் புழுங்கும். மேலே மட்டும் விரித்து, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். வெயில் காயும் பகலில் சன்னல்களைத் திறந்தும், ஈரக்காற்று வீசும் இரவில் மூடியும் வைக்க வேண்டும். மேல்தளத்தில் கிடக்கும் உடைந்த தறிச் சட்டம், பழைய கதவு, காலிப் பீப்பாய் முதலியவற்றை ஏலம் விட்டுவிடலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை வாரம் ஒருமுறை ஏறி, குழாய் வாயிலுள்ள சருகை அள்ளுவதற்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, அவர் ஏறிய தேதிக்குக் கையெழுத்திட ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை மாடிப்படிக் கதவருகே தொங்கவிட வேண்டும். மாடிச் சாவி எவரிடம் இருக்கிறது என்று கேட்டால் மூவர் மூன்று பெயர் சொல்லும் சங்கங்களில் முதலில் அந்தச் சாவியைத் தேடி எடுத்தாக வேண்டும்.